வாசலில் நிற்கும் சகோதரி

 



மௌத்தான வீட்டின் வாசலில் போடப்பட்டிருக்கும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும்போது, இமாம்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. ‘திடீரென்று’ என்பதே அச்சொல். நேற்று இரவு வரை நன்றாக இருந்தார் ஹஜ்ரத், பஜ்ருக்கு ஒளூச் செய்யப் போனவர் திடீரென்று சாய்ந்துவிட்டார் என்பார்கள். கடைக்குப் போய் வந்தவருக்குத் திடீரென்று ஒரு கை, ஒரு கால் விளங்காமல் போயிற்று என்பார்கள். வயது கேட்டால் ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்று பதில் வரும். கபுறடியில் மண் அள்ளிப் போடும் பிள்ளைகளில் இளையவன் இன்னும் பள்ளிக்கூடச் சீருடை அணியும் வயதில் இருப்பான்.

அஜல் அல்லாஹ்வின் கரத்தில் உள்ளது. அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், அந்த நோய் திடீரென்று வந்ததா என்பது வேறு கேள்வி. மெல்ல விசாரித்தால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் பிரஷர் அதிகம் என்று சொன்னார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள், மூன்று மாதம் சாப்பிட்டார், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிட்டார் என்ற செய்தி வீட்டுப் பெண்களின் வாயிலிருந்து வெளிப்படும். பத்தாண்டுகளாக அந்த வீட்டில் உண்டு, உறங்கி, உடனிருந்த நோயை நாம் திடீரென்று வந்தது என்கிறோம்.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் காய்ச்சலைப் போன்றவை அல்ல. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும், மருத்துவரிடம் ஓடுவோம். இவ்விரண்டும் பல காலம் வலி தருவதில்லை. உள்ளுக்குள் இரத்தக் குழாய்களின் சுவர் கெட்டியாகிக்கொண்டே போகும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். கண்ணின் உட்திரையில் நுண்ணிய குழாய்கள் கசியும். காலில் உணர்ச்சி மங்கிப்போய், செருப்புக்குள் கிடக்கும் கல்கூடத் தெரியாமல் புண்ணாகும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் அந்த மனிதர் வலீமா விருந்துகளில் கலந்துகொண்டு, ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுது, நன்றாகவே நடமாடிக்கொண்டிருப்பார். அளந்து பார்த்தாலன்றி இந்த நோய்களை அறிய வழியில்லை.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழக அரசின் பொதுச் சுகாதாரத் துறை 2020ஆம் ஆண்டில் ‘ஸ்டெப்ஸ்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் ஓர் ஆய்வை நடத்தியது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தோர் 10.8 சதவீதம். அதாவது நூறு நோயாளிகளில் ஏறத்தாழத் தொண்ணூறு பேர், ஒன்று தமக்கு நோய் இருப்பதையே அறியாமல், அல்லது அறிந்தும் மருந்து உண்ணாமல், அல்லது உண்டும் போதாமல் இருந்திருக்கிறார்கள். மருத்துவமனைகளுக்குப் பெயர்போன மாநிலத்தின் நிலை இது! நம் சென்னையைத் தேடி வங்கதேசத்திலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். மருத்துவமனைக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர் தம் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமலே வாழ்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டு, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பெண்களுக்குப் பயிற்சி அளித்து, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்று பெயரிட்டு, வீடு வீடாக அனுப்புகிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைகள், குறிப்பேடு ஆகியவை அப்பெண்ணின் பையில் இருக்கும். அளவு கூடுதலாக இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைப்பார். மருத்துவர் உறுதி செய்தபின், 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் மாதந்தோறும் மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேரும். படுக்கையில் கிடப்போருக்கு வலி தணிப்புச் செவிலியரும், பக்கவாதத்தில் விழுந்தோருக்கு இயன்முறைச் சிகிச்சையாளரும் தேடி வருகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்து, வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு வேண்டிய பைகளும் இத்திட்டத்தில் அடங்கும். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு ஒன்று இத்திட்டத்துக்கு விருது அளித்தது.

விருதைவிட நமக்கு முக்கியமானது, அதே ஆய்வு 2023-24இல் இரண்டாம் முறை நடந்தபோது கிடைத்த விவரம். கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 17 சதவீதமாகவும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தனர். நல்ல முன்னேற்றம்தான். இன்னும் எண்பத்து மூன்று பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே கணக்குத்தான்.

மருத்துவப் படிப்புப் படிக்காத, நம் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு பெண்மணி வந்து பார்த்து என்ன ஆகிவிடப் போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நம் நகரின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்.

காசநோய் என்றாலே மலையடிவாரத்திலோ ஊருக்கு வெளியிலோ உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. ஏழைக்குக் கட்டிலுக்கு எங்கே போவது? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும் சேர்ந்து நடத்திய அம்மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஓர் ஆய்வை முன்னின்று நடத்தினார். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியினருக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குப் பாலும் முட்டையும் இல்லை. காற்றோட்டமான அறையும் இல்லை. நெரிசலான குடிசையில் பிள்ளைகளோடு படுத்து, எழுந்து வேலைக்கும் போனார்கள். ஓராண்டு முடிந்தபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவுகள் வெளியாயின. அதன்பின் உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையே மாறிப்போயிற்று.

வீட்டிலிருந்த அந்த ஏழைகள் மருந்தை ஒழுங்காக உண்டது எப்படி? சுகாதாரப் பார்வையாளர்கள் அவர்களுடைய வீடுகளுக்குப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமலும் போனார்கள். மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஏன் மீதமிருக்கிறது என்று கேட்டார்கள். மருந்து ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை நோயாளியின் வாய்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது படியேறி வந்த கால்கள்தாம்.

அடையாற்றில் இன்னொரு முன்மாதிரி உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகப் புகழ்பெற்ற டாக்டர் கே.எஸ். சஞ்சீவி அவர்கள் 1958இல் நிறுவிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற நிறுவனத்தைத்தான் நாம் வி.எச்.எஸ். மருத்துவமனை என்று அழைக்கிறோம். குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்ற சந்தாவைச் செலுத்தி, நோய் வருமுன்னரே பதிவு செய்துகொள்ளும் முறையை அவர் அங்கே ஏற்படுத்தினார். அத்துடன் நில்லாமல், அந்நாளில் கிராமங்களாக இருந்த சென்னையின் தென்புறப் பகுதிகளில் சிறு சுகாதார மையங்களை அமைத்து, அந்தந்த ஊரிலேயே வாழும் பெண்களைத் தெரிந்தெடுத்து, முதலுதவியும் சுகாதாரமும் கற்பித்துப் பணியில் அமர்த்தினார். ஊருக்குத் தெரிந்த பெண்மணி, ஊர் மொழியில் பேசுபவர், நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருபவர். பெரிய பட்டங்கள் பெற்ற அந்தப் பேராசிரியர், ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவரை அமர்த்துவதைவிட ஆயிரம் பேருக்கு இப்படி ஒரு பெண்மணியை அமர்த்துவது நடக்கக்கூடியது என்று கண்டுகொண்டார். 1978இல் கஜகஸ்தானின் அல்மா-அட்டா நகரில் கூடிய உலக நாடுகள் அடிப்படைச் சுகாதாரம் பற்றிச் செய்த பிரகடனமும், சமூகச் சுகாதாரப் பணியாளர்களை அதன் தூண்களில் ஒன்றாக எண்ணியது.

பெருமக்களே! இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி காயம்பட்டோருக்கு மருந்திட்டு, ஆதரவற்ற நோயாளிகளுக்குத் தம்மையே அர்ப்பணித்திருந்தார்கள் என்று ஸீரா நூல்கள் குறிப்பிடுகின்றன. ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி), உம்மு அதிய்யா (ரலி) ஆகியோர் போர்க்களங்களில் தண்ணீர் சுமந்து, காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள். பள்ளிவாசலுக்குள் ஒரு மருத்துவக் கூடாரம், அதில் ஒரு பெண் பணியாளர் என்பதைத் தம் காலத்திலேயே அனுமதித்துக் காட்டியவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். இன்று வட்டார சுகாதார நிலையத்தார் முகாம் நடத்த மஹல்லா மண்டபத்தைக் கேட்டு வரும்போது, சாவி யாரிடம், மின்கட்டணம் யார் கொடுப்பது என்று நாம் ஆலோசனைக் கூட்டம் போடுவதைக் காணும்போது இந்தக் கூடாரம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்பாஸியர் ஆட்சியில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், அலி இப்னு ஈஸா என்ற வஸீர் பக்தாதின் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்குக் கடிதம் எழுதினார். கிராமங்களில் நோயாளிகள் இருப்பார்கள், அங்கே மருத்துவர்கள் இல்லை. ஆகவே மருந்துப் பெட்டிகளுடன் மருத்துவர்களை அனுப்பி, ஊர் ஊராகத் தேவையான காலம் தங்கிச் சிகிச்சை செய்யச் சொல்லுமாறு பணித்தார். போன இடத்தில் யூதர்கள் மிகுதியாக வாழ்கிறார்கள், அவர்களுக்கும் செய்யலாமா என்று கேட்டபோது, அவர்களுக்கும் செய்யுமாறே பதில் வந்தது. மக்களைத் தேடிச் சென்ற மருத்துவம் என்று இதைத்தானே சொல்ல வேண்டும்?

இனி, நம் வீட்டுக் கதவுக்கு வருவோம். கதவு ஏன் திறக்கப்படுவதில்லை?

முதற்காரணம் அச்சம். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யப்போவதில்லை. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபின், கையில் தாளும் பேனாவுமாக வாசலுக்கு வந்த எவரையும் நம்மவர்கள் ஐயத்துடன் பார்த்தார்கள். நாட்டின் பல பகுதிகளில் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்தவர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில், டில்லியில் நடந்த ஒரு கூட்டத்தைக் காரணம் காட்டி, ஒரு சமுதாயத்தையே நோயின் மறுபெயராகச் சித்திரித்த தொலைக்காட்சிகளை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க வந்த மாநகராட்சிக் களப்பணியாளரிடம் பெயரைச் சொல்லவே பலர் தயங்கினார்கள். நியாயமான தயக்கம். பெயரைக் கேட்பவர்கள், அந்தப் பெயர் எதற்குப் பயன்படும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொலைக்காட்சியில் கூச்சலிட்டவர் வேறு. நம் படிக்கட்டில் ஏறி வந்தவர் வேறு. தொற்று பரவிக்கொண்டிருந்த நாளில் துணி முகக்கவசம் ஒன்றை மட்டும் நம்பி, தன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலா என்று கேட்க வந்த பெண் அவர். முன்னவர் மீதுள்ள கோபத்தைப் பின்னவர் மீது காட்டுவது அநீதி.

வதந்தியும் ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளை வரை போட வேண்டிய அந்த ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் என்னென்னவோ பரவியது. பள்ளிக்கூடங்களில் பெற்றோர் கையெழுத்திட மறுத்தார்கள். இயக்கத்தின் காலக்கெடுவையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும் என்ற செய்தியை அந்த வாட்ஸ்அப் எதிலும் காணோம். வடக்கே உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்று பரவிய வதந்தியால் நம் சமுதாயக் குழந்தைகள்தாம் மிகுதியாக முடமானார்கள். அந்த நிலையை மாற்றியவர்கள் யார்? அதே மொஹல்லாவைச் சேர்ந்த, அதே மொழி பேசிய பெண்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்கள் அறிவித்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. 2009இல் நாட்டில் 741 பேரைத் தாக்கிய போலியோ, 2010இல் 42 ஆகக் குறைந்து, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு சிறுமியோடு நின்றுபோயிற்று. 2014 மார்ச் 27ஆம் நாள் போலியோ அற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது. மிம்பரில் நிற்போருக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதை நான் என் போன்ற இமாம்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மூன்றாவது காரணத்தை நாம் வெளியே சொல்வதில்லை. வீட்டில் வயதுவந்த மகள் இருப்பாள். தாய்க்குச் சர்க்கரை, தகப்பனுக்குக் கொதிப்பு என்று தெருவுக்குத் தெரிந்தால் நல்ல சம்பந்தம் வருமா என்ற கவலை. தெருவிலுள்ள பெண்ணே பார்க்க வருகிறாள், நாலு வீட்டில் சொல்லிவிடுவாள் என்ற எண்ணம். இங்கே இரு பக்கமும் கடமை உண்டு. நோயாளியின் செய்தி அமானிதம். மருத்துவருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இந்தத் தன்னார்வலருக்கும் அது பொருந்தும். நம் சமுதாயப் பெண்கள் சிலரும் இப்பணியில் இருக்கிறார்கள். அவர்கள் இதைத் தம் ஈமானின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். மறுபுறம், மகளின் திருமணத்துக்காகத் தாய் தன் நோயை மறைத்து, மகளின் முதல் பிரசவத்தின்போது டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கும் வீடுகளையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீட்டுக் குடும்பத் தலைவர்களே, உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். பகலில் நீங்கள் வீட்டில் இருப்பதில்லை. கதவுக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் மனைவி, அல்லது தாய். அவர் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இரவு நீங்கள் களைத்து வரும்போது அதை உங்களிடம் சொல்லவும் மறந்துபோகிறார். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: அந்தப் பெண்மணி வந்தால் உட்கார வைத்துப் பரிசோதித்துக்கொள், என்னிடம் கேட்க வேண்டியதில்லை என்று. நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறியபின் மிஞ்சியதை உண்கிறார்கள். எல்லோரையும் மருத்துவரிடம் அனுப்பியபின் மிஞ்சிய நேரத்தில் தம் உடம்பைப் பார்க்கிறார்கள். அந்த மிஞ்சிய நேரம் பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றி நடைபெறுகிறது. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பது உண்மைதான். அந்த வெட்கத்தை மதித்துத்தானே ஒரு பெண்ணையே உங்கள் வாசலுக்கு அனுப்புகிறார்கள்?

பிறர் வீட்டில் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் மனத்தாங்கலின்றித் திரும்பிவிட வேண்டும் என்ற ஒழுக்கத்தை அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. இந்தச் சகோதரிகளில் பெரும்பாலோர் அந்த அத்தியாயத்தை அறியாதவர்கள். ஆயினும் அழைப்பு மணியை அழுத்திவிட்டு வெளியே நின்று, பெயர் சொல்லி, அனுமதி கேட்டு, மறுத்தால் திரும்பி, அடுத்த மாதம் மீண்டும் வருகிறார்கள். மயிலாப்பூரின் பழைய குடித்தனங்களில் இருண்ட படிக்கட்டு; அடையாற்றின் அடுக்குமாடிகளில் காவலாளியின் கேள்விகள்; சித்திரை வெயில்; தெருநாய்கள். இதற்காக அவர்கள் பெறுவது சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அரசு ஊழியருக்குரிய ஊதியம் என்று அதைச் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய பொறுப்பை இவ்வளவு சிறிய தொகைக்கு வாங்கிக்கொள்வது சரிதானா என்று அரசை நாம் கேட்கலாம்; கேட்க வேண்டும். நம் கையில் இருப்பது ஒரு நாற்காலியும் ஒரு குவளைத் தண்ணீரும். அவர் நெற்றியில் பொட்டு இருக்கிறதா, கழுத்தில் சிலுவை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை நமக்கில்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுமாறு பணிக்கப்பட்ட உம்மத் நாம். அண்டை வீட்டார்தான் வந்திருக்கிறார்.

அவர் மருத்துவர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. மாத்திரையை மாற்றச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். தனியார் மருத்துவரிடம் மாத்திரை உண்போர் அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; இரண்டு பக்கத்திலும் வாங்கி இரட்டிப்பாக உண்டு மயங்கி விழுந்தவர்களும் உண்டு. நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு பக்கம் மரத்துப்போதல் ஏற்பட்டால் அவருக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இத்திட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளில் நின்று வேலை செய்யும் நம் பிள்ளைகளில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கடை வேலையாட்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் சட்டத் திருத்தமே நிறைவேற்றியது என்றால், அதுவரை அவர்கள் எத்தனை மணி நேரம் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அறைக்குப் பத்துப் பேராகத் தங்குவார்கள். தன்னார்வலர் வரும் பகல் வேளையில் அந்த அறை பூட்டியிருக்கும். தட்டுவதற்கு அவர்களுக்கென ஒரு கதவு இல்லை. அவர்கள் தவறாமல் வரும் ஒரே இடம் வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல். ஜுமுஆவுக்குப் பின் வராந்தாவில் ஒரு மேசை, கொதிப்பு பார்க்கும் கருவி, சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பணியாளர். இவ்வளவுதான் தேவை. ஜமாஅத் நிர்வாகிகள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினால் பேச்சுத் தொடங்கிவிடும். அதேபோல, ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள், பழைய வார்டில் இருந்த தம் மருந்துப் பதிவைப் புதிய இடத்து நிலையத்தில் சொல்லிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வீடு மாறிய மாதத்தில் விட்டுப்போகும் மாத்திரை பலருக்குப் பிறகு தொடர்வதே இல்லை.

மருந்து உண்பது தவக்குலுக்கு முரண் என்று எண்ணும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியை அவர்களும் அறிவார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியிருந்த செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதிவழியில் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். மாத்திரையும் அவன் விதித்ததே.

இறுதியாக, நோன்பைப் பற்றி. சர்க்கரை நோயாளிகள் ரமளான் பிறந்தபின் யோசிப்பது காலம் கடந்த யோசனை. சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும். எந்த மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே ஷஅபானிலேயே குறிப்பேட்டுடன் அவரிடம் போய்விடுங்கள். விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிடுமாறு மருத்துவர்கள் கூறுகிறார்கள். நோயாளிக்கு மார்க்கமே அந்தச் சலுகையைத் தந்திருக்கிறது. மஃரிபுக்கு இன்னும் அரைமணி நேரந்தானே என்று வியர்த்து, நடுங்கி உட்கார்ந்திருப்பதற்குத் தனி நன்மை என்று எதுவுமில்லை.

அந்தச் சகோதரியிடமும், நோன்பு மாதத்தில் எந்நேரம் வந்தால் வசதி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸஹர் உண்டு, பஜ்ர் தொழுதுவிட்டு உறங்கும் வீட்டின் கதவைக் காலை ஒன்பது மணிக்குத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போகிறார். ஒவ்வொரு ரமளானிலும் நம் தெருக்களில் இது நடக்கிறது. ளுஹருக்கு முன் பதினோரு மணியளவில் வரச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் எழுந்திருப்பார்கள். அல்லாஹ் அவருக்கும் நமக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்!